தர்மபுரி, கிருஷ்ணகிரி ஏரிகளுக்கு மீன் ஆராய்ச்சி என்ன கொடுத்திருக்கிறது?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். பாலக்கோடு பக்கம் ஊர். விலங்கியல் பட்டம் முடித்திருக்கிறீர்கள். தக்காளிக்குத் தண்ணீர் தேக்க வெட்டிய 25 சென்ட் பண்ணைக்குட்டை இருக்கிறது, பிளாஸ்டிக் விரிப்பு போட்டது. பக்கத்தில் ஊர் ஏரி, வருடத்தில் ஆறேழு மாதம் தண்ணீர் நிற்கும். நன்னீர் மீன் வளர்ப்பில் ஆராய்ச்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, அதில் நம் மாவட்டத்துக்கு உதவுவது எது என்று கேட்கிறீர்கள். தெரிந்தவர்கள் எல்லோரும் பயோஃபிளாக் (தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து மீன் கழிவை மீனுக்கே இரையாக்கும் முறை) போடச் சொல்கிறார்கள், போடலாமா என்பது இரண்டாவது கேள்வி. கிஃப்ட் என்ற திலேப்பியா மீனைப் பற்றியும் தனியே கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயோஃபிளாக் இப்போது வேண்டாம். ஆராய்ச்சி நமக்குக் கொடுத்தவற்றில் பெரியது மீன்குஞ்சு உற்பத்தி. தர்மபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இன்று இல்லாமல் திண்டாடுவது, சரியான மாதத்தில் சரியான அளவுக் குஞ்சு. உங்கள் விரிப்புக் குட்டை அதற்கென்றே வெட்டியதுபோல் இருக்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் ஆற்று மீன்கள். குளத்தில் நன்றாக வளரும், சினையும் பிடிக்கும். ஆனால் குளத்தில் முட்டை விடாது. மழைக்காலப் புதுவெள்ளம் வந்து, நீர் ஓட்டமும் வெப்பமும் மாறினால்தான் அதன் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி முட்டை விடுவதற்கான ஹார்மோனைத் தள்ளும். தேங்கிய நீரில் அந்தத் தூண்டுதல் கிடைக்காது, முட்டை வயிற்றுக்குள்ளேயே வற்றிவிடும். அதனால் ஒரு காலத்தில் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ளக் காலத்தில் ஆற்றங்கரையில் வலை கட்டி அள்ள வேண்டும். அள்ளியதில் கெண்டை எது, அதைத் தின்னும் வாளை எது என்று பிரிக்க முடியாது.

1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரியும் கே.எச்.அலிகுன்ஹியும் வேறு மீனின் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றி, குளத்துக் கெண்டையை முட்டையிட வைத்தார்கள். பிரேசிலில் 1930-களிலேயே வேறு மீன்களில் இதைச் செய்திருந்தார்கள். நம் கெண்டைகளில் சாத்தியமாக்கியது இவர்கள். ஜூலை 10 இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் தினம். முதலில் சந்தையில் வெட்டும் மீன்களின் தலையைத் திறந்து சுரப்பியை எடுத்து, ஆல்கஹாலில் பாதுகாத்து, அரைத்து, தாய்மீனுக்கு ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி போட வேண்டியிருந்தது. சுரப்பியின் வீரியம் மீனுக்கு மீன் மாறும், அதனால் பலனும் மாறும். பிறகு ஓவாப்ரிம் போன்ற செயற்கை ஹார்மோன்கள் வந்தன. இப்போது பெண் மீனுக்குக் கிலோவுக்கு அரை மில்லிக்குள், ஆணுக்கு அதில் பாதி அளவு, ஒரே ஊசிதான். சீனா பாணி வட்டத் தொட்டியில் நீர் சுழன்றுகொண்டிருக்க, 28 டிகிரி வாக்கில் பதினைந்து, பதினெட்டு மணி நேரத்தில் முட்டை பொரிந்துவிடும். மூன்று நாளில் மஞ்சள் கரு தீர்ந்து, நுண்குஞ்சு வாய் திறந்து இரை தேடும்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கூட்டு மீன் வளர்ப்பு. 1971-ல் அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கியது. மேல்மட்டத்தில் மேயும் கட்லாவும் வெள்ளிக் கெண்டையும், நடுமட்டத்தில் ரோகு, அடியில் மிர்காலும் சாதாக் கெண்டையும், புல்லைத் தின்னப் புல் கெண்டை என்று ஒரே நீரின் எல்லா உணவையும் மீனாக மாற்றும் யோசனை. ஹெக்டேருக்கு 600 கிலோ எடுத்துக்கொண்டிருந்த நாடு இன்று சராசரியாக 3 டன்னை எட்டியிருப்பதற்கு இந்த இரண்டும்தான் அடித்தளம்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருகிறேன். பாடநூல்கள் சொல்லாத இடம் இதுதான்.

கெண்டை இனப்பெருக்கம் தென்மேற்குப் பருவமழையோடு ஒட்டியது. பொரிப்பகங்களில் ஆனி, ஆடி, ஆவணியில்தான் வேலை முழுவீச்சில் நடக்கும். நம் ஏரிகளோ அந்த மாதங்களில் பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கலில் வெள்ளம் புரண்டாலும் மாரண்டஅள்ளி ஏரியில் தண்ணீர் இருக்காது. நமக்கு ஏரி நிறைவது புரட்டாசி, ஐப்பசியில், சில வருடம் கார்த்திகையில். ஆக, குஞ்சு கிடைக்கும் மாதத்தில் ஏரி இல்லை. ஏரி நிறையும் மாதத்தில் நல்ல குஞ்சு இல்லை, பொரிப்பகத்தில் கழிந்து மிஞ்சியதுதான் இருக்கும். மீன்பாசி, அதாவது ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவர் அவசரத்துக்கு எங்கிருந்தோ ஒரு வேனில் ஒரு அங்குலக் குஞ்சு கொண்டுவந்து கொட்டுவார். ஏரியில் ஏற்கெனவே இருக்கும் குரவையும் விராலும் கெளுத்தியும் அதற்காகவே காத்திருக்கும். பிழைத்தது எத்தனை என்று சித்திரையில் வலை போடும்போதுதான் தெரியும்.

பிழைத்தவற்றுக்கும் காலம் போதாது. ஐப்பசியில் விட்ட குஞ்சு கார்த்திகை, மார்கழி, தையில் குளிரில் மந்தமாகத்தான் தின்னும். கட்லா, ரோகு, மிர்கால் என்ற இந்தியப் பெருங்கெண்டைகளுக்கு 26 முதல் 32 டிகிரி வரை நல்ல வளர்ச்சி, 20-க்குக் கீழே இறங்கினால் தீனி எடுப்பது வெகுவாகக் குறையும். தர்மபுரியை விடக் கிருஷ்ணகிரி, அதை விட ஓசூர், தேன்கனிக்கோட்டை குளிர். மாசி, பங்குனியில் தண்ணீர் சூடேறி மீன் வேகமெடுக்கும்போது ஏரி சுருங்கத் தொடங்கிவிடும். இரண்டு மாதத்து உண்மையான வளர்ச்சியோடு, கால் கிலோ மீனாகப் பிடித்துக் கிடைத்த விலைக்குத் தள்ளுகிறோம்.

இதற்கு ஆராய்ச்சி சொல்லும் மருந்து பெரிய குஞ்சு. மூன்று, நான்கு அங்குல விரலளவுக் குஞ்சு விட்டால் பிழைக்கும் விகிதமே மாறிவிடும், ஏனென்றால் கொல்லும் மீன்களின் வாய்க்கு அது அடங்காது. அதற்கும் மேலே ஒரு படி, ஒரு வருடக் குஞ்சு. ஏக்கருக்கு இரண்டாயிரம், மூவாயிரம் விடும் இடத்தில் பல மடங்கு நெருக்கி விட்டு, உயிர் தங்கும் அளவுக்கு மட்டும் தீனி போட்டு ஒரு வருடம் வைத்திருப்பார்கள். மீன் நூறு, நூற்றைம்பது கிராமில் நின்றுவிடும், ஆனால் வயதும் எலும்பும் ஏறிவிடும். பிறகு விசாலமான நீரில் விட்டு வயிறாரத் தீனி கிடைத்தால் விட்டதைப் பிடிக்கும் வேகத்தில் வளரும். ஈடுசெய் வளர்ச்சி என்று இதைச் சொல்கிறார்கள். நல்ல தீவனமும் இடமும் இருந்தால் ஆறேழு மாதத்தில் முக்கால் கிலோ, ஒரு கிலோ தாண்டும். ஆந்திராவின் கொல்லேறு பகுதிப் பெரும்பண்ணைகளின் வெற்றியே இந்தக் குஞ்சில்தான் நிற்கிறது. நம் ஊர்ச் சந்தைக்கு ஐஸ் பெட்டியில் வரும் கட்லாவும் ரோகுவும் பெரும்பாலும் அப்படி வளர்ந்தவை. ஆறு மாதம் மட்டும் தண்ணீர் நிற்கும் நமக்கு இது அவர்களை விட அதிகம் தேவை, ஆனால் இங்கே இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு.

நீங்கள் தக்காளிக்கு விதையை வயலில் தூவுவதில்லையே, குழித்தட்டு நாற்று வாங்கித்தானே நடுகிறீர்கள். மீனுக்கும் நாற்றங்கால் ஒருவர் போட வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள் என்பதுதான் என் பதிலின் சாரம்.

விரிப்புக் குட்டையை வளர்ப்புக் குளமாக யோசித்தால் குறைகள் தெரியும். அடியில் சேறு இல்லை, அதனால் புழு பூச்சி இல்லை, மிர்காலும் சாதாக் கெண்டையும் பட்டினி கிடக்கும். சாணம் போட்டால் மண்ணோடு சேராமல் அடியில் தங்கி அழுகும். அரை அடி வளமான மண்ணை விரிப்பின் மேல் பரப்பினால் ஓரளவு சரியாகும். ஆனால் குஞ்சு வளர்ப்புக்கு வந்தால் இதே குட்டை அனுகூலமாகிவிடுகிறது. ஆடி மாதத்தில் போர் தண்ணீரால் நிரப்ப முடியும். குரவை, விரால் உள்ளே வர வழியில்லை. முழுக்க வடித்துக் காயவிட முடியும். பாம்புக்கும் தவளைக்கும் சுற்றிலும் இரண்டடி உயரத்துக்கு வலை, மேலே பறவைகளுக்கு நூல் இழுத்துக் கட்டினால் போதும்.

நுண்குஞ்சில் தொடங்க வேண்டாம். அது கைப்பழக்கம் கேட்கும் வேலை, தேர்ந்தவர்களுக்கே நூறில் முப்பது, நாற்பதுதான் தேறும். இளங்குஞ்சாக, அதாவது ஒரு அங்குலம் இருக்கும்போது வாங்குங்கள். வளர்ப்பு நாற்றங்காலுக்கு ஹெக்டேருக்கு 2 முதல் 3 லட்சம் இளங்குஞ்சு என்பது வழக்கமான அளவு. உங்கள் 25 சென்ட் என்பது ஹெக்டேரில் பத்தில் ஒன்று, ஆகவே 20,000 விடலாம். அறுபது, எழுபது சதவீதம் தேறினால் புரட்டாசி முடிவில் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் விரலளவுக் குஞ்சு கையில் இருக்கும். தவிடும் கடலைப் புண்ணாக்கும் சம அளவில் சலித்து, முதல் வாரங்களில் தூளாக, குஞ்சின் மொத்த எடையில் ஆறு முதல் பத்து சதவீதம் வரை, இரண்டு வேளையாகப் போடுங்கள். விற்றது போக மிஞ்சியதை நெருக்கி வைத்தால் அடுத்த வருடத்துக்கு ஒரு வருடக் குஞ்சு தயார்.

குஞ்சு வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைப் பேசினில் கொஞ்சம் குஞ்சை எடுத்து, கையால் தண்ணீரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பாருங்கள். திடமான குஞ்சு நீரோட்டத்தை எதிர்த்து, பேசின் ஓரத்தில் வரிசை கட்டி நீந்தும். நோஞ்சான் குஞ்சு சுழலோடு போய் நடுவில் குவியும். நடுவில் குவிவது அதிகமாக இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, பைக்குள் அடைப்பதற்கு முன் ஹாப்பா வலையில் (நீருக்குள் கட்டும் நெருங்கிய கண்ணுள்ள வலைப்பெட்டி) பட்டினி போட்டு வைத்திருந்தார்களா என்பது. வயிற்றில் இரையோடு அடைத்தால் வழியெல்லாம் கழிந்து, ஆக்சிஜன் பையிலேயே அம்மோனியா ஏறி, வீடு வந்து சேரும் முன் செத்துவிடும். கொண்டுவந்ததும் பையைக் குட்டை நீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டைத் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, குஞ்சு தானாக வெளியே நீந்தி வரட்டும். நீங்கள் விற்கும் குஞ்சுக்கும் இதே மரியாதை. நம் பக்கத்தில் குஞ்சு சரியில்லை என்ற பேச்சு வந்துவிட்டால் அந்தப் பேர் லேசில் போகாது.

தாய்மீன் எங்கிருந்து வந்தது என்பதையும் விடாமல் கேளுங்கள். 1980-களில் பக்கத்துக் கர்நாடகக் குஞ்சுப் பண்ணைகளை ஆராய்ந்தபோது, சொந்தத்துக்குள்ளேயே இனம் பெருகி வீரியம் குறைவது தெரியவந்தது. காரணம் எளிது. வேகமாக வளர்ந்த மீனைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சிய மெதுவான மீனைத் தாயாக வைத்துக்கொள்கிறார்கள். சில தலைமுறை போனால் மெதுவாக வளர்வதற்கென்றே தேர்ந்தெடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. இதை எதிர்த்துத்தான் புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் உயிரின வளர்ப்பு நிறுவனமான சிஃபா, நார்வே விஞ்ஞானிகளோடு சேர்ந்து 1992-ல் ரோகுவில் தேர்வுமுறை இனவிருத்தியைத் தொடங்கியது. கங்கை, யமுனை, கோமதி, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகிய ஐந்து ஆறுகளின் ரோகுவையும் பண்ணை ரோகுவையும் கலந்து, குடும்பம் குடும்பமாக அடையாளச் சில்லு வைத்துப் பின்தொடர்ந்து, தலைமுறைக்கு 17 சதவீத அளவில் வளர்ச்சி கூடும் இனத்தை உருவாக்கினார்கள். சுதந்திரப் பொன்விழாவான 1997-ல் வெளியிட்டதால் ஜெயந்தி ரோகு என்று பெயர். அதே வழியில் கட்லாவிலும் அமிர்த கட்லா வந்திருக்கிறது. மரபணுவை வெட்டி ஒட்டிய மீன்கள் இல்லை இவை, பயப்பட வேண்டாம். நல்ல காளையைத் தேர்ந்து விடுவது காலங்காலமாக நம் மாடு வளர்ப்பில் இருப்பதுதான், இங்கே கணக்கு வைத்துச் செய்கிறார்கள். கேட்பவர்கள் பெருகினால்தான் பொரிப்பகங்கள் அந்தத் தாய்மீனை வாங்கி வைக்கும், ஆகவே கேளுங்கள்.

கிஃப்ட் திலேப்பியா பற்றித் தனியே கேட்டிருந்தீர்கள். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மொசாம்பிக் திலேப்பியாதான் நாம் ஜிலேபி என்று தின்பது. கிருஷ்ணகிரி அணையில் வறுத்து விற்கும் மீனில் அதற்கு நிரந்தர இடம் உண்டு. வாயில் குஞ்சு பொத்தி வளர்க்கும் மீன், இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டை வைக்கத் தொடங்கிவிடும். குளம் முழுக்கக் குஞ்சாகப் பெருகி, எதுவும் கையளவுக்கு மேல் வளராது. கிஃப்ட் வேறு இனம், நைல் திலேப்பியா. 1988-ல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய திட்டத்தில் எகிப்து, கானா, கென்யா, செனகல் நாட்டு ஆற்று மீன்களையும் ஆசியப் பண்ணை மீன்களையும் கலந்து தேர்ந்தெடுத்தது. ஆந்திராக்காரரான மொடடுகு விஜய் குப்தா, அந்தத் திட்டத்தை நடத்திய வேர்ல்டுஃபிஷ் (அப்போது இக்லார்ம்) நிறுவனத்தில் ஏழை விவசாயிகளின் குட்டைகளுக்காக உழைத்து 2005-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். ஆண் மீன் பெண்ணை விட வேகமாக வளரும் என்பதால் குஞ்சுப் பருவத்தில் மூன்று வாரம் ஹார்மோன் கலந்த தீவனம் கொடுத்து எல்லாவற்றையும் ஆணாக்கி விற்கிறார்கள். சந்தைக்கு வரும் முன் மாதக்கணக்கில் வளர்வதால் அந்த ஹார்மோன் உடலில் தங்குவதில்லை.

ஆறு மாதத்தில் அரை கிலோ, விரிப்புக் குட்டையிலும் தாங்கும், உயிரோடு விற்கலாம். எல்லாம் நல்ல குணங்கள்தான். ஆனால் மீன்வளத்துறையின் அனுமதி வாங்கித்தான் வளர்க்க வேண்டும், குஞ்சும் அனுமதி பெற்ற பொரிப்பகத்திலிருந்துதான் வர வேண்டும், வெளிநீரில் தப்பாமல் வலைத் தடுப்பு வேண்டும். 2018-ல் இந்தியாவிலும் திலேப்பியா ஏரி வைரஸ் கண்டறியப்பட்டதிலிருந்து கண்ட இடத்தில் குஞ்சு வாங்குவது கையைக் கடிக்கும் வேலை. ஓசூர்ப் பக்கம் மார்கழிக் குளிரில் தீனி எடுக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் குட்டையில் ஐப்பசியில் கெண்டைக் குஞ்சை விற்று முடித்த பிறகு, மாசியில் திலேப்பியா விட்டு ஆனிக்குள் பிடித்துவிட்டு மறுபடி குஞ்சுக்குக் குட்டையைக் காயவிடலாம். இரண்டாவது வருடத்தில் யோசியுங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கலாமே என்று யாராவது காதைக் கடித்தால் அந்தப் பேச்சோடு நிறுத்திவிடுங்கள். அது தடைசெய்யப்பட்ட மீன், வெள்ளத்தில் ஏரிக்குப் போனால் ஊர் மீன் அனைத்தையும் தின்று தீர்க்கும், கோழிக்கழிவு போட்டு வளர்ப்பவர்களால் ஊர் நீரும் நாறும்.

பயோஃபிளாக் ஏன் வேண்டாம் என்றேன்? தத்துவம் அருமையானது. மீன் கழிவின் அம்மோனியாவை, வெல்லப்பாகு போன்ற மாவுச்சத்து சேர்த்துப் பாக்டீரியாவாக மாற்றி, அதையே மீனுக்கு இரையாக்குவது. ஆனால் அந்தப் பாக்டீரியாவும் மீனும் ஒரே தொட்டியில் மூச்சு வாங்குகின்றன. காற்றூதி நின்றால் அரைமணி, ஒரு மணியில் ஆக்சிஜன் தீர்ந்து மொத்தமும் மிதக்கும். மின்சாரம், ஜெனரேட்டர், தினமும் அம்மோனியா, நைட்ரைட், காரத்தன்மை பார்க்கும் கை, விலை உயர்ந்த தீவனம் எல்லாம் சேர்ந்தால் கிலோவுக்கு ஆகும் செலவு, ஆந்திரா மீன் நம் ஊரில் விற்கும் விலையை நெருங்கிவிடும். தண்ணீரே இல்லாத இடத்தில், விலை அதிகமுள்ள மீனுக்கு, அனுபவப்பட்டவர் செய்யலாம். தொடங்குபவர் கடன் வாங்கிச் செய்யக் கூடாது. தொட்டி விற்பவர்கள் சொல்லும் லாபக் கணக்கில் மீன் சாவதே இல்லை.

தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நம் போர் தண்ணீர் கடினம், பைகார்பனேட் அதிகம். புதிதாக ஏற்றும்போது ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும், உயரத்திலிருந்து தகரத்திலோ கல்லிலோ விழவிட்டு ஏற்றுங்கள். விரிப்புக் குட்டையில் நீரைப் பச்சையாக்கும் நுண்பாசி கூடினால் மத்தியானத்தில் பி.எச். 9-ஐத் தாண்டும். அங்கேதான் அம்மோனியா விளையாட்டுக் காட்டும். ஒரே அளவு மொத்த அம்மோனியா, 28 டிகிரியில் பி.எச். 7-ல் நூறில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் விஷ வடிவில் இருக்கும். 8-ல் ஆறு, ஏழு பங்கு. 9-ல் நாற்பது பங்கு. காலையில் நன்றாக இருந்த குஞ்சு மூன்று மணிக்குத் துள்ளிச் சாவதைப் பார்த்து மருந்து தேடுவார்கள். தீனியைக் குறைத்து, அடித்தண்ணீரில் கால் பங்கை வடித்துப் புதுத் தண்ணீர் விடுவதுதான் மருந்து. விடியற்காலையில் குஞ்சு மேலே வந்து வாய் பிளந்தால் அது ஆக்சிஜன் குறை, வேறு சிக்கல். முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பச்சை அளவாக இருக்கிறது. மணிக்கட்டுக்குள்ளேயே மறைந்தால் சாணமும் தீனியும் நிறுத்துங்கள்.

தர்மபுரித் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கிறதே, மீன் தின்னலாமா என்று பலர் கேட்கிறார்கள். மீன் உடலில் ஃபுளோரைடு பெரும்பாலும் எலும்பில் சேரும், சதையில் அவ்வளவு தங்காது. தென்பெண்ணையில் கெலவரப்பள்ளிப் பக்கம் பொங்கும் நுரை வேறு விஷயம். பெங்களூருச் சாக்கடை கலந்த ஆற்று நீரைக் குஞ்சுக் குட்டைக்கு இறைக்கவே இறைக்காதீர்கள்.

தீவனத்தில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு சொத்து இருக்கிறது, பட்டுப்புழு. மல்பெரி வளர்த்துக் கூடு விற்கும் ஊர் நம்முடையது. நூல் எடுத்த பின் மிஞ்சும் கூட்டுப்புழு காய்ந்த எடையில் பாதிக்கு மேல் புரதம். கெண்டைத் தீவனத்தில் விலை ஏறிக்கொண்டே போகும் மீன் தூளுக்குப் பதில் ஒரு பங்கு இதைச் சேர்க்கலாம் என்பது பல ஆய்வுகளில் தேறிய விஷயம். சிக்கல் அதன் எண்ணெயில். கால்வாசிக்கு மேல் கொழுப்பு இருப்பதால் இரண்டு நாளில் ஊசிப்போகும், ஊசினதைப் போட்டால் மீன் சதையிலும் வாடை ஏறும். எண்ணெய் பிழிந்து நன்றாகக் காயவைத்த புழுத் தூளைத் தவிடு, புண்ணாக்கோடு கலந்து பாருங்கள். தீவனம்தான் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் என்பதால் இங்கே மிச்சம் பிடிப்பது நேராகக் கையில் வரும்.

மீன் பேன் வந்தால் உடனே விஷ மருந்துக்கு ஓடாதீர்கள். அது கெட்டியான பரப்பில்தான் முட்டை ஒட்டும். குட்டையில் அங்கங்கே மூங்கில் குச்சி நட்டு, வாரம் ஒருமுறை பிடுங்கி வெயிலில் காயவைத்துத் திரும்ப நட்டால் முட்டை அங்கேயே கருகிவிடும். ஏரியில் குரவை, கெளுத்தியைக் கழிக்க வேண்டுமென்றால் இலுப்பைப் புண்ணாக்கு, ஹெக்டேருக்கு ஒரு மீட்டர் ஆழத்துக்கு 2,500 கிலோ. நம் பக்கம் இலுப்பை மரம் இன்னும் இருக்கிறது. விஷம் முறிய இரண்டு மூன்று வாரம் ஆகும், பிறகு அதுவே எருவாகிவிடும். மாடு தண்ணீர் குடிக்கும் ஏரி என்றால் ஊரில் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும்.

விற்பனைக்கு ஒரு கணக்கு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடை. நம் ஏரிகள் வற்றி மீன் பிடிக்கும் காலமும் அதுவே. கடல் மீன் குறைந்து நன்னீர் மீன் விலை ஏறும் நேரத்தில் உயிர் மீன் வைத்திருப்பவருக்குப் பேரம் பேசும் பலம் உண்டு. புரட்டாசியில் மாறாகப் பாதி ஊர் கவுச்சி தொடாது, அந்த மாதம் வலை போடாதீர்கள். குஞ்சு வியாபாரத்துக்கோ புரட்டாசிதான் உச்சம்.

எங்கே போய்க் கற்பது என்று கேட்டால், கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூரில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகம் நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கான மையம் ஒன்றை நடத்துகிறது. போச்சம்பள்ளி வழியாகப் போக வேண்டும், முதலில் போக வேண்டிய இடமும் அதுதான். கிருஷ்ணகிரி அணையில் மீன்வளத்துறையின் பண்ணை இருக்கிறது. பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் பயிற்சி எப்போது என்று விசாரியுங்கள். பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல், பழங்குடி வகுப்பினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்ற விதி வந்தது. வளர்ப்பு நாற்றங்காலும் அதில் ஒரு இனம். குட்டை உங்கள் அம்மா பெயரில் உள்ள நிலத்தில் இருந்தால் அவர் பெயரிலேயே விண்ணப்பியுங்கள். இப்போது நடப்பில் உள்ள அளவை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு பிறகு செலவில் இறங்குங்கள்.

நீங்கள் விலங்கியல் படித்தவர் என்பதால் கடைசியாக ஒன்று. ஆறு மாத ஏரிக்கு எந்த மாதத்தில் எத்தனை கிராம் குஞ்சு விட்டால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு நம் குளிருக்கும் நம் மழைக்கும் பொருந்தும் எண்கள் நமக்கு வேண்டும். புவனேஸ்வரத்து எண் இங்கே அப்படியே ஒட்டாது. ஒரு நோட்டுப் போடுங்கள். காலை ஆறு மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் தண்ணீர் வெப்பம், பி.எச்., போட்ட தீனி, செத்த குஞ்சு. பதினைந்து நாளைக்கு ஒருமுறை சிறு வலையில் ஐம்பது குஞ்சைப் பிடித்து மொத்தமாக எடை. குஞ்சு வாங்கிப் போன ஏரிக்காரரிடம் விட்ட தேதி, எண்ணிக்கை, அளவு, பிடித்த தேதி, மொத்த எடை. ஒரு அங்குலக் குஞ்சு விட்ட பக்கத்து ஏரியின் கணக்கும் கிடைத்தால் இரண்டையும் எதிரெதிரே எழுதுங்கள். அந்த நோட்டோடு அடுத்த ஆனியில் பாரூருக்குப் போங்கள், அங்கே இருப்பவர்கள் உங்களை உட்கார வைத்துப் பேசுவார்கள்.